கருவாட்டுக்குக் கம்பு

வலது கைக் கட்டைவிரலில் மட்டும் ஹில்டா நகம் வெட்டுவதில்லை. சாளை மீனின் வயிற்றைக் கீற அந்த நகம் வேண்டும். கீறிக் குடலை ஒரே இழுப்பில் எடுத்து இடப்பக்கச் சட்டியில் போடுவாள். செவுளுக்குள் கல் உப்பைத் திணிப்பாள். அந்த மீன் தொட்டியில் விழும் முன்பே இடது கை அடுத்த மீனை எடுத்திருக்கும். உப்பு தின்று விரல் சந்துகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. அதற்காக அவள் ஒருநாளும் கையை நிறுத்தியதில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் பேசுவாள், அவ்வளவுதான்.

அன்று காலை பேச்சுக் கொடுத்தது அவள் புருஷன் மரியான். முற்றத்து நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து, துணி சுற்றிய இடது காலை ஒரு பலகைமேல் நீட்டியிருந்தான்.

"இன்னைக்கும் அந்தக் கம்புதானா?"

"கம்புதான்."

"மாட்டுக்குக்கூட ஒரு வேளை வைக்கோலு, ஒரு வேளை புண்ணாக்குன்னு மாத்தி வைப்பாவ."

"மாடு காலை அழுக விட்டுட்டு வந்து உக்காந்திருக்கலியே."

மரியான் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரும் வழியெல்லாம் இன்னும் அடைபடவில்லை. திரேஸ்புரத்தில் இருபத்தெட்டு வருஷம் தோணியில் போனவன், அதில் பதினாறு வருஷம் தண்டல். தோணிக்கும் அதன் ஆட்களுக்கும் அவன் சொல்தான் சட்டம். கொழும்புக்கு வெங்காயம் கொண்டு போய்விட்டு வரும்போது மூட்டைச் சீனியோடு வருவான். தட்டு நிறைய வெள்ளைச் சோறு, அதன்மேல் மீன் குழம்பு, பிறகு சீனி கொட்டிய தேயிலை. கடற்கரைக்காரன் கம்பு தின்பதாவது! கம்பு, குதிரைவாலி எல்லாம் மழையைப் பார்த்து வாயைப் பிளக்கும் கரிசல்காட்டுக்காரன் சாப்பாடு என்பது அவன் மட்டும் சொன்னதல்ல, தெருவே சொன்னது.

ஐம்பத்தைந்து வயதில் அவன் பாதங்கள் மரத்துப் போயின. நீரிழிவு என்று தெரியாமலே நாலைந்து வருஷம் நடந்திருக்கிறான். ஆகஸ்டில், மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம், காலையில் எழுந்து பார்க்கும்போது பாயில் ரத்தம். தூக்கத்தில் எலி அவன் பெருவிரலைக் கடித்துத் தின்றிருந்தது. நகத்தோடு ஒரு துண்டு இல்லை. அவனுக்கு வலிக்கவே இல்லை. "எலிக்கும் தண்டல் வீட்டுச் சோறு பிடிச்சிருக்கு" என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஹில்டா சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் அவள் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் துணி துவைத்தவள். வாளியில் வெட்டிப் போட்ட கால்களைப் பார்த்திருக்கிறாள். வலிக்காத புண்தான் வாளிக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் மாத்திரை எழுதினார். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டச் சொன்னார். சோற்றைக் குறை, சீனியைத் தொடாதே, காய், கீரை, முட்டை, மீன், ஆப்பிள் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஆப்பிள் என்ற இடத்தில் ஹில்டா தாளை மடித்துவிட்டாள். தோணிச் சம்பளம் நின்றுபோன வீடு. பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தார்கள், கடுதாசி மட்டும் வரும். வெள்ளிக்கிழமை தெருத் தெருவாகக் கூடையில் விற்கும் மீனும், மற்ற நாளில் போடும் கருவாடும்தான் அடுப்பை எரித்தன.

சந்தைக் காயை வாங்கலாம் என்றால் அதற்கும் அவளுக்கு மனசு வரவில்லை. கத்தரிக்காய்க் காம்பில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். வயலுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து. அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்களே, நுரை தள்ளிக்கொண்டு, அவர்கள் கட்டிலில் விட்டுப்போன விரிப்புகளில் இருக்கும் அதே நாற்றம். கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கருவாடு தேடி அருணாசலவடிவு வந்து சேர்ந்தாள். விளாத்திகுளத்துக்கு அப்பால் ஒரு ஊர். மானாவாரி நிலம் இரண்டு ஏக்கர், ஆட்டுக்கிடை போட்ட உரம் தவிர வேறு உரம் கண்டதில்லை. "காசு இருந்தா நானும்தான் மருந்து வாங்கி அடிச்சிருப்பேன், கெடக்கு போ" என்று உண்மையைச் சொல்லிவிடுவாள். ஹில்டாவுக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். அதலைக்காய் என்று ஒன்றைக் கொண்டு வந்தாள். சுண்டுவிரல் கனம்கூட இராது, பாகற்காயைவிடக் கசக்கும், மழை பெய்தால் கரிசலில் தானாக முளைக்கும். யாரும் விதைக்காததால் யாரும் மருந்து தெளிக்காத காய். ஒரு சங்கடம், பறித்த மறுநாள் வைத்திருந்தால் வெடித்துவிடும். வெடித்ததைச் சமைக்க முடியாது. காம்பைக் கிள்ளாமல் முழுசாக அன்றைக்கே வதக்க வேண்டும்.

இருவருக்கும் இடையில் பணம் கைமாறியதில்லை. ஒரு ஓலைப்பெட்டி கருவாட்டுக்கு நாலு படி கம்பு, ஒரு முந்தானை அதலைக்காய், ஆறு முட்டை. புதன்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் வருவாள். பேசிக்கொண்டது ஒன்றே ஒன்று. உன் கம்பில் மருந்து இருக்கக்கூடாது, என் கருவாட்டில் மண் இருக்கக்கூடாது.

மூன்று மாதம் மரியான் கசப்பைத் தின்றான். தின்னும் நேரமெல்லாம் ஏசினான். ஹில்டா கேட்டுக்கொண்டே பரிமாறினாள். சனிக்கிழமைதோறும் அவன் மூத்திரத்தை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். நர்ஸ் ஜெயபாய் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டுவாள். சீனி இருந்தால் நீலம் செங்கல் நிறமாகும். ஆகஸ்டில் செங்கல். செப்டம்பரில் மஞ்சள். அக்டோபர் கடைசியில் பச்சை. புண்ணும் ஓரத்திலிருந்து சிவந்து மூடிவந்தது. ஜெயபாயே ஆச்சரியப்பட்டு, "என்ன குடுக்கீங்க?" என்று கேட்டாள்.

"மாட்டுத் தீவனம்" என்றாள் ஹில்டா.

நவம்பர் நடுவில் பச்சை மறுபடி மஞ்சளாயிற்று. அடுத்த சனிக்கிழமை குழாய்க்குள் செங்கல். கட்டை அவிழ்த்தால் பழைய நாற்றம். பக்கத்து விரலும் கறுத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம். அதற்குள் இறங்கவில்லையென்றால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான். நீங்களே வந்து நாள் சொல்லிவிடுங்கள்" என்றார்.

ஹில்டா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் பார்த்தாள். மாத்திரை அதேதான். புண் கழுவும் கை அதேதான். மாறியிருக்கக்கூடியது ஒன்றுதான், வெளியிலிருந்து வருவது. புதன்கிழமை வடிவு படி அளக்கும்போது கம்பை அள்ளி முகர்ந்தாள்.

"இது உங்க காட்டுக் கம்புதானா வடிவக்கா?"

"பின்ன ஊரான் காட்டுதா?"

"கடையில வாங்கிக் கலக்கலியே? மருந்து கிருந்து அடிக்கலியே?"

வடிவு படியைக் கீழே வைத்தாள். கம்பில் ஒரு கை அள்ளி வாயில் போட்டு, ஹில்டாவைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள்.

"போதுமா? இன்னும் ஒரு கை திங்கணுமா?"

"கால் போவப் போவுதுக்கா. கேக்காம என்ன செய்ய."

"கேளு. நல்லாக் கேளு. ஆனா என்னையக் கேட்ட மாதிரி உங்க வீட்டுக்குள்ளயும் கேளு."

ஹில்டா கேட்கவில்லை. வடிவு கருவாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பெட்டியைக் கட்டி வைத்திருந்தது மரியான். கருவாடு காயப்போட்டபின் காவல் அவன் வேலை. மழைக்காலம், வெயில் ஒளிந்து ஒளிந்து அடிக்கும். ஈரக் கருவாட்டில் ஈ மொய்த்தால் மறுநாள் புழு. ஆகவே ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஓலை விசிறியால் விரட்டிக்கொண்டே இருக்கவேண்டும், காய்ந்ததும் பெட்டியில் அடுக்கிக் கட்டவேண்டும். நடக்க முடியாதவனுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது என்றுதான் அவள் கொடுத்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை வடிவு வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்தாள். வழக்கம்போல ஹில்டாவைக் கூப்பிடவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, ஓலையில் சுற்றியிருந்ததை அவிழ்த்து, காயும் கருவாட்டின்மேல் எறிந்தாள். செத்த கோழி. கழுத்து முறுகி, கால் விறைத்து, அலகில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

"எண்ணிக்க. இது ஒண்ணு. இன்னும் எட்டு எங்க வீட்டுக் கொல்லையில கெடக்கு."

ஹில்டாவுக்குப் புரியவில்லை. "என்னக்கா இது?"

"ஒன் கருவாடு. நேத்து பெட்டியப் பிரிச்சி, தலையக் கிள்ளிக் கோழிக்குப் போட்டேன். உலை கொதிக்கதுக்குள்ள ஒவ்வொண்ணா விழுந்திச்சி. அந்தக் கருவாட்டுக் குழம்பு யாருக்குத் தெரியுமா? எம் மவளுக்கு. புள்ளத்தாச்சி, ஆசையாக் கேட்டா. கோழி முந்திக்கிட்டுது. இல்லன்னா இங்கன நான் கோழியா கொண்டாந்திருப்பேன்?"

பக்கத்து வீட்டுக் கிளாடிஸ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஹில்டா, வடிவு திருப்பிக் கொண்டுவந்திருந்த போன வாரப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சாளையை எடுத்தாள். கருவாட்டு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. செவுளைப் பிரித்தாள். உப்போடு உப்பாக, உப்பைவிட வெள்ளையாக, மாவு போல ஒரு தூள். கட்டில் விரிப்புகளின் நாற்றம்.

"எங் கம்ப மோந்து பாத்தியேடி" என்றாள் வடிவு. "மருந்து அடிச்சியான்னு கேட்டியே. பட்டணத்துக்காரி, ஆஸ்பத்திரியில இருந்தவ, மூக்கு நல்ல மூக்குன்னு நெனைச்சேன். ஒன் வீட்டுல மூக்கு அடைச்சிக்கிட்டா?"

"நான் போடலக்கா."

"யாரு போட்டா எனக்கென்ன? ஒங் கையால வாங்கினேன்."

"கோழிக்கு நான்…"

"கோழிக்குக் கோழி கேட்டு வரல. ஒம் மூஞ்சியப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன், பாத்துட்டேன்." மடியை அவிழ்த்து, அன்றைக்குக் கொண்டுவந்திருந்த அதலைக்காயைச் சுளகில் கொட்டினாள். "இதத் திரும்பச் சுமந்துட்டுப் போனா வீணா வெடிச்சிப் போவும். வதக்கிப் போடு. அந்த ஆளு காலாவது கெடக்கட்டும். இனிமே நான் வர மாட்டேன், ஆளையும் அனுப்ப மாட்டேன்."

திட்டியதைவிட அந்த அதலைக்காய்தான் ஹில்டாவைச் சுட்டது. வடிவு தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு மரியான் பக்கம் திரும்பினாள். அவன் விசிறியால் மும்முரமாக ஈ விரட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு போட்டா?"

"எனக்கென்ன தெரியும்? அவ வீட்டு எலி மருந்தா இருக்கும். காட்டுக்காரிக்கு எது எங்க இருக்குன்னு தெரியும்?"

அவள் மண்வெட்டியை எடுத்தாள். முற்றத்துக் கருவாட்டை முழுவதும் அள்ளிக் குழிவெட்டிப் புதைத்தாள். கோழியையும் புதைத்தாள். வடிவு திருப்பித் தந்த பெட்டியிலிருந்து ஆறு சாளையை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டாள். சுளகில் கிடந்த அதலைக்காயைத் தொடவில்லை.

பொழுது சாய்ந்ததும் அடுப்பு மூட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வெள்ளைச் சோறு வெந்தது. ஆறு சாளையையும் பொரித்தாள். வாசல் காற்றில் அடுப்பை வைத்துப் பொரித்தாள், புகையைத் தான் இழுக்காமல் இருக்க. மரியானுக்கு முன்னால் தட்டை வைத்தாள். ஆவி பறக்கும் சோறு, ஓரத்தில் ஆறு மீன்.

"சாப்பிடும்."

மரியான் சோற்றைப் பார்த்தான். மீனைப் பார்த்தான். "நீ?"

"எனக்குக் கம்பு இருக்கு. நீருதான சோறு சோறுன்னு கேட்டீரு. சாப்பிடும்."

"பசியில்ல."

"காலையிலேருந்து ஒண்ணும் தின்னல. பசியில்லியா?"

"மீன் வேண்டாம். சோறு மட்டும் போதும்."

"ஏன் மீன் வேண்டாம்? உம்ம கையால காய வச்சது, உம்ம கையால கட்டினது. நம்ம வீட்டு உப்பு. தின்னும்."

அவன் கை தட்டுக்குப் போகவில்லை. அவள் ஒரு மீனை எடுத்து, தலையைக் கிள்ளி, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். பெரிய உடம்புக்காரன், கடலில் புயலைப் பார்த்தவன், நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

"ஏளா, வேண்டாம். எடு அத."

"அப்ப உமக்குத் தெரியும்."

அதற்குப்பின் கேட்கத் தேவையே இருக்கவில்லை. தானாகக் கொட்டினான். ஆவுடையப்பன் கருவாட்டுக் கிட்டங்கியில், சரக்கு அடுக்கிவைக்கும் கொட்டடியில், ஒரு பொட்டலம் மருந்து கேட்டு வாங்கினானாம். அங்கே மழைக்காலத்தில் எல்லாச் சரக்குக்கும் தூவுவார்களாம். ஈ அண்டாதாம், புழு வைக்காதாம், ஆள் உட்கார்ந்து விசிறத் தேவையில்லையாம். போன பெட்டிக்குத்தான் கை கொஞ்சம் கூடிப்போனதாம்.

"எல்லாரும்தான் போடுதாவ. ஊரே தின்னுது. யாரு செத்தா?"

"ஊரு தின்னுததை நீரு ஏன் தின்னல?"

அவன் தட்டை அப்பால் தள்ளினான்.

"உக்காந்து விசிறாம எங்க போனீரு?"

அதையும் சொன்னான். தெருமுனையில் ஒரு தேநீர்க் கடை. தடியை ஊன்றிக்கொண்டு மூன்று வாரமாக அங்கே போயிருக்கிறான். சீனி போட்ட தேயிலை, சீனி தூவிய பன், சில நாள் முந்திரியும் சீனியும் சேர்ந்த மக்ரோன். காசுக்குப் பதில் கருவாடு கொடுத்திருக்கிறான், தூள் படாத கருவாடாகப் பார்த்து. அதில் மட்டும் கவனமாக இருந்திருக்கிறான். கடைக்காரன் தெரிந்தவன் இல்லையா.

ஹில்டா சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதைக் கேட்டு மரியான் அழத் தொடங்கினான். அவள் மீனை எடுத்துப் போய்ப் புதைத்தாள், தட்டைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள், கையைக் கழுவினாள். பிறகு வழக்கம்போல வெந்நீர் கொண்டுவந்து அவன் கால்கட்டை அவிழ்த்தாள். மூன்றாவது விரலும் கறுத்திருந்தது. விளக்கைக் கிட்டே பிடித்துக் கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். மெதுவாகத் துடைத்துப் புதுத்துணி கட்டினாள். கை முரட்டுத்தனம் காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அது, கோபத்துக்கும் கட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

"இனிமே நீ குடுக்கதத் தின்னுதேன் ஹில்டா. மாதா மேல சத்தியம். கசந்தாலும் தின்னுதேன்."

"கட்டு இறுக்கமா இருக்கா?"

"தெரியல. எனக்கு அங்கன ஒண்ணும் தெரியலியே."

"சரி" என்றாள்.

மறுநாள் காலையில் ஹில்டா எழுந்து வரும்போது மரியான் அவளுக்கு முன்பே எழுந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதலைக்காய் எல்லாம் வெடித்துக் கிடந்தது. வெடிக்காதது ஒன்றாவது இருக்காதா என்று விரலால் கிளறிக்கொண்டிருந்தான். நாலைந்து தேறியது.

"இத மட்டும் வதக்கித் தாயேன்" என்றான்.

அவள் அந்த நாலைந்தையும் வாங்கிப் பார்த்தாள். காம்பு உதிர்ந்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் குடல் சட்டியில் போட்டாள். இருந்த கம்பில் கூழ் காய்ச்சினாள். அவனுக்கு ஒரு கிண்ணம் வைத்தாள், தானும் குடித்தாள். அவன் மிச்சம் வைக்காமல் வழித்துக் குடித்தான். அவள் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தாள்.

முகம் கழுவி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சனிக்கிழமை இல்லாத நாளில் அவளைப் பார்த்ததும் நர்ஸ் ஜெயபாய், "குப்பி எங்க?" என்று கேட்டாள்.

"குப்பி வேண்டாம். வெட்டுற டாக்டர் என்னைக்கெல்லாம் வருவாரு?"

ஜெயபாய் நோட்டைப் புரட்டினாள். "செவ்வாயும் வெள்ளியும். நாளைக்கு வெள்ளிதானே, நாளைக்கே இடம் இருக்கு. நாளைக்கே வச்சிக்கிட்டா நல்லது, ஏறாம இருக்கும்."

ஹில்டா யோசித்தாள். வெள்ளிக்கிழமை வேதக்காரத் தெருவில் யாரும் இறைச்சி வாங்கமாட்டார்கள், மீன்தான். கூடையை இறக்கிய இடத்திலேயே மீன் தீர்ந்துவிடும் நாள் வாரத்தில் அது ஒன்றுதான். புதைத்த கருவாட்டுக்குப் பதில் புது மீன் எடுக்கவேண்டும். ஒன்பது கோழி வாங்கவேண்டும், வடிவு வாசலில் கொண்டுபோய் விடவேண்டும், அவள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

"செவ்வாய்க்கே எழுதுங்க" என்றாள்.